வைப்பாற்றங்கரையில் கூடுதலாகத் தங்கிய நாட்கள்

கத்திரி வெயிலில் என் கணவர் போர்வை கேட்டார். காலை பதினொரு மணி இருக்கும். ஓட்டு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலே முதுகில் வியர்வை வழிகிற நேரம். அவர் கட்டிலில் முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்திருந்தார். பற்கள் ஒன்றோடொன்று மோதுவது வாசல்வரை கேட்டது.

"ஆத்துக்குள்ள ரொம்ப நேரம் கெடந்திருப்பீங்க. செத்த நேரத்துல சரியாயிரும்" என்றேன்.

ஒன்பது நாட்கள் கழித்து அவரைச் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். இடையில் என்ன நடந்தது, நான் எதைப் பார்த்தேன், பார்த்ததை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். காரணம் தெரியாத காய்ச்சலோடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு அலைகிற யாருக்காவது இது உதவலாம். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறேன். துணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அதுதான் என் தொழில்.

என் கணவர் முருகேசன் அதே ஊரில் துணியை அளந்து வெட்டும் கட்டிங் மாஸ்டர். இருவருக்கும் பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம். நான் கழுகுமலைக்காரி. அந்தக் கோடையில் அவர் கம்பெனியில் ஆர்டர் குறைந்து, அடுத்த மாதம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நானும் விடுப்புப் போட்டேன். மகள் யாழினி ஒன்பதாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்தாள். மூன்று பேரும் விளாத்திகுளத்துக்கு அருகே வைப்பாற்றங்கரையில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா பெயர் சண்முகத்தாய். எனக்கு மதினி. அவருடைய கணவர் அழகர்சாமி அண்ணன் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். தோட்டத்திலேயே வீடு. பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

வைப்பாற்றில் கோடையில் தண்ணீர் இருக்காது, மணல்தான் கிடக்கும். ஆனால் அந்த வருடம் சித்திரையில் மேற்கே நல்ல மழை. நாங்கள் போன நான்காம் நாள் காலையில் ஆற்றில் தண்ணீர் வந்தது. முழங்கால் அளவுதான். ஊரே வந்து கரையில் நின்று பார்த்தது. யாழினி பள்ளிக்கூடத்தையும் செல்போனையும் மறந்து அதற்குள்ளேயே கிடந்தாள்.

பத்தாம் நாள் வந்தபோது நான்தான் சொன்னேன், இன்னும் ஒரு வாரம் இருப்போம் என்று. பிறகு இன்னும் ஒரு வாரம். அவர் திரும்பிவிடலாம் என்று ஒருமுறை சொன்னார். பதினைந்து வருடத்தில் தையல் மிஷின் சத்தம் கேட்காமல் நான் தூங்கி எழுந்தது அங்கேதான். எனக்குப் போக மனமில்லை.

மழைக்குப் பிறகு கரையெங்கும் புல்லும் செடியும் இடுப்பளவு வளர்ந்துவிட்டன. பாம்பு கிடக்குமோ என்று எனக்குப் பயம். "ஒரு தடம் வெட்டிக் குடுங்களேன், நாங்க எறங்கிப் போக வசதியா இருக்கும்" என்று கேட்டதும் நான்தான். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் செடி வெட்டினார். வெட்டிப் போட்ட புல்லின் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறினார். சட்டை போடவில்லை. கைலி மட்டும்தான்.

அது நடந்து பன்னிரண்டாம் நாள் அந்தக் குளிர் வந்தது.

விளாத்திகுளத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். வெயிலுக்கு வரும் காய்ச்சல்தான் என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் இரண்டு மணி நேரம் இறங்கும். பிறகு நூற்று மூன்று. தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை அவருக்கு.

மூன்றாம் நாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டபோது, வலது இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்கு அடியில் ஒரு சிறிய கருப்புப் பொருக்கைப் பார்த்தேன். சுற்றிலும் வட்டமாகச் சிவந்திருந்தது. பீடி நெருப்புப் பட்டுக் காய்ந்தது போல.

"இது என்ன புண்ணு?" என்று கேட்டேன்.

"எங்க? ஒண்ணும் தெரியலியே. கயிறு ஒரசிருக்கும்."

தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை என்றார். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக் கயிற்றைப் பழையபடி இறக்கிவிட்டேன். பிறகு அதை மறந்துபோனேன்.

ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) பாதியாகக் குறைந்திருந்தன. டெங்குவாக இருக்குமோ என்று சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. அழகர்சாமி அண்ணன் கார் பிடித்து வந்தார். கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

சேர்க்கும்போது ஆதார் அட்டை கேட்டார்கள். கொடுத்தேன். அதில் திருப்பூர் முகவரி. சீட்டு எழுதியவர், "திருப்பூர்ல இருந்து காய்ச்சலோட வந்திருக்காங்க" என்று உள்ளே சொன்னார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டிய விஷயமாக அது தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லாத் தாள்களிலும் திருப்பூர் என்றே இருந்தது. நாங்கள் ஒரு மாதமாக ஆற்றங்கரையில் இருந்தது எந்தத் தாளிலும் இல்லை.

பெரிய டாக்டர் பொறுமையானவர். டைபாய்டு சோதனை லேசாக நேர்மறை காட்டியது. அதற்கான கிருமிக்கொல்லி மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். "ரெண்டு நாள்ல எறங்கிரும்" என்றார். நம்பினேன். இரண்டு நாளில் இறங்கவில்லை. இருமல் தொடங்கியது. கண் வெள்ளையில் மஞ்சள் ஏறியது.

எட்டாம் நாள் மாலை அவர் என்னைப் பார்த்து, "கை அளவு ஒரு இஞ்சு கூடிப் போச்சு. எல்லாத்தையும் நிப்பாட்டு" என்றார். விரல்கள் போர்வையின் விளிம்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தன. யாழினி அவர் கையைப் பிடித்து, "அப்பா, நாந்தான்ப்பா" என்றாள். அவர் கையை உருவிக்கொண்டு மறுபடி அளந்தார். யாழினி அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெரிய டாக்டர் என்னையும் அழகர்சாமி அண்ணனையும் உள்ளே கூப்பிட்டார்.

"நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. கல்லீரலும் கிட்னியும் சொணங்குது. மருந்து கேக்கல. இங்க வச்சுப் பாக்க முடியாதும்மா. திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருங்க. நான் பேசிட்டேன்."

"பொழைச்சுக்குவாவளா?" என்று கேட்டேன்.

"மொதல்ல கொண்டு சேப்போம்" என்றார்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நான் தாழ்வாரத்தில் சுவரோடு நின்றேன். மதினி எதிரே பெஞ்சில் இருந்தார். அதுவரை என்னிடம் முகம் சுளித்தவர் அல்ல. அன்று என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"பத்து நாள்ல போறோம்னு அவன் சொன்னானா இல்லியா?"

அவர் நிறுத்தவில்லை.

"நீதான இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன. தண்ணியப் பாத்ததும் ஒனக்கு ஊரு மறந்துட்டு. போதாததுக்கு உச்சி வெயில்ல அவனத் தடம் வெட்டுன்னு அந்தக் கரையில எறக்கிவிட்ட. ரெண்டு நாளா அந்தச் செடிக்குள்ள கெடந்தான். என் தம்பி நல்லா வந்தவன்."

"சும்மா இருட்டி" என்று அழகர்சாமி அண்ணன் அதட்டினார்.

அப்போது எங்களைத் தாண்டிப் போன ஒரு இளம் டாக்டரம்மா நின்றார். கையில் திருநெல்வேலிக்குக் கொடுத்துவிட வேண்டிய கடிதம் இருந்தது. பணியில் புதியவர். அன்று காலையில்தான் விடுப்பு முடிந்து வந்திருந்தார்.

"எந்தக் கரையிலம்மா செடி வெட்டுனாரு?" என்று மதினியைக் கேட்டார்.

"வைப்பாத்துக் கரை."

"நீங்க திருப்பூர்ல இருந்துதான வந்தீங்க? சீட்டுல அப்படித்தான் இருக்கு."

நான் சொன்னேன், ஒரு மாதத்துக்கு மேலாக இங்கேதான் இருக்கிறோம் என்று. எப்போது வெட்டினார், எத்தனை நாள், சட்டை போட்டிருந்தாரா என்று வரிசையாகக் கேட்டார். கேட்டபடியே உள்ளே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். யாரும் தடுக்கவில்லை.

டாக்டரம்மா என் கணவரின் போர்வையை விலக்கி, அக்குளில் இருந்து தொடங்கினார். கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம், முழங்காலின் பின்பக்கம். விளக்கு அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். இடுப்புக்கு வந்ததும் செவிலியர் கத்தரிக்கோலை எடுத்தார். மதினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத அறுக்காதிங்க தாயி. எங்கம்மா கட்டுனது. சீவன் கெடக்கையில அறுக்கப்படாது."

"அறுக்கலம்மா. நகத்தி மட்டும் பாக்கேன்" என்றார் டாக்டரம்மா.

கயிற்றை மேலே தள்ளினார். அந்தக் கருப்புப் பொருக்கு அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் பார்த்ததைவிடச் சற்றுப் பெரிதாக.

"இது எத்தன நாளா இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆறு நாளா. கயிறு ஒரசுன புண்ணுன்னு எண்ணெ தடவுனேன்."

"வலிக்குன்னு சொன்னாரா?"

"இல்ல."

"வலிக்காது. அதனாலதான் யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதற்குள் அவர் பெரிய டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தார்.

உண்ணிக் காய்ச்சல் (புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வரும் தொற்று) என்ற பெயரை முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். கடித்த இடம் கருத்துப் பொருக்காகும். சாதாரணக் காய்ச்சல் மருந்துகள் பலவும் இதற்குக் கேட்காது. உரிய மருந்து பழையது, எங்கும் கிடைப்பது, ஆனால் தாமதமானால் ஒவ்வொரு உறுப்பாகப் பழுதாகும்.

பெரிய டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "மழைக் காலத்துல நெறையப் பாத்திருக்கேன். இந்த வெயில்ல இத நெனைக்கல" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் இடுப்பப் பாத்திருக்கணும்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அழகர்சாமி அண்ணன், "மொதல்ல ஏத்துங்க, மருந்த அங்கன போயிக் குடுத்துக்கிடலாம்" என்று அவசரப்பட்டார். திரையில் என் கணவரின் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டிருந்தது. எனக்கும் ஏற்றிவிட்டால் போதும் என்றுதான் இருந்தது.

"பத்து நிமிசம் குடுங்க" என்றார் டாக்டரம்மா. "ஏற்கெனவே ஒம்பது நாள் போச்சு. இந்த மருந்து உள்ள போன பெறகு கெளம்புங்க."

அந்த மருந்து ஊசியாக அங்கே இருப்பில் இல்லை. மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் செலுத்தினார்கள். மஞ்சள் நிறத் தண்ணீர் குழாயில் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிடத்தைப் போல நீண்ட ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

நாற்கரச் சாலையில் கயத்தாறு தாண்டும்வரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். வெளியே உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடந்தது. நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல் போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். திருநெல்வேலியில் இறக்கிய அரை மணி நேரத்தில் தொண்டைக்குள் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்தார்கள்.

அடுத்த நான்கு நாட்கள் நானும் மதினியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். யாழினியைக் கழுகுமலையில் என் அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். மதினி இட்லி வாங்கி வந்து என் பக்கத்தில் வைப்பார். பேச மாட்டார். நான் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவர் பக்கம் நகர்த்துவேன். அப்படியே இரண்டு நாள் போனது.

மூன்றாம் நாள் காலை செவிலியர் வந்து, காய்ச்சல் விட்டுவிட்டது, இரவு முழுவதும் ஏறவில்லை என்று சொன்னார். குழாய் இன்னும் இருந்தது. சிறுநீர் கூடியிருந்தது. அவர் உள்ளே போனதும் மதினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு தலைப்பை எடுக்காமலே சொன்னார்.

"நானும் பாத்தேன் பரமு."

"எத?"

"அந்தப் புண்ண. பம்புசெட்டுல குளிக்கையில பாத்தேன். தீக்கங்கு பட்டிருக்கும்னு நெனச்சேன். வாயத் தொறந்து கேக்கல. ஒன்னச் சொல்லிட்டு, அன்னையிலேர்ந்து எனக்கு ஒறக்கமில்ல."

அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னேன், இப்போதும் அதையே நம்புகிறேன். அன்று அவர் என்னைத் திட்டாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தால், அந்த டாக்டரம்மா எங்களைத் தாண்டிப் போயிருப்பார்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். அவர் முதலில் கேட்டது, "ஆத்துல தண்ணி கெடக்கா?" குரல் தேய்ந்து, காற்றுபோல வந்தது. அருகில் இருந்த அழகர்சாமி அண்ணன், "வத்திப் போச்சு மச்சான். மணலாக் கெடக்கு" என்றார்.

"நேத்து இருந்துச்சே" என்றார் அவர்.

அவருக்கு அது நேற்றுதான். குளிரெடுத்த காலை வரைக்கும் நினைவிருக்கிறது. பிறகு திருநெல்வேலி. நடுவில் இருந்த இரண்டு வாரம் அவரிடம் இல்லை. கோவில்பட்டி மருத்துவமனையின் சுவர் நிறம்கூட அவருக்குத் தெரியாது. எனக்கோ அதில் ஒவ்வொரு மணி நேரமும் தனித்தனியாக இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் வேறுவேறு அளவுள்ள கோடையைக் கடந்திருக்கிறோம். அவர் அவ்வப்போது, "அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். சொல்வேன். அடுத்தவர் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்.

திருப்பூர் திரும்பியபோது எடை பதினொரு கிலோ குறைந்திருந்தது. மாடிப்படியில் நான்கு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. துணி வெட்டும் கத்தரியை விரலில் மாட்டி ஒரு காகிதம் வெட்டிப் பார்த்தார், கோடு கோணியது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டவில்லை. வேலைக்குப் போக நான்கு மாதம் ஆனது. வலது காது இன்னும் முழுதாகக் கேட்பதில்லை. இந்த நோய் செவி நரம்பைத் தொடுவதுண்டு, பலருக்கும் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறோம்.

இதைப் படிப்பவர்களிடம் எனக்குக் கேட்டுக்கொள்ள இருப்பது அதிகமில்லை. காய்ச்சலோடு ஒருவரைக் கொண்டு போனால், முகவரியோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் எங்கே இருந்தார், எந்தச் செடியில், எந்தத் தண்ணீரில் இறங்கினார் என்பதையும் சொல்லுங்கள். யாரும் கேட்கவில்லையென்றாலும் சொல்லுங்கள். வலிக்காத புண்ணாக இருந்தாலும் காட்டுங்கள். வெட்கப்படும் இடத்தில் இருந்தால் இன்னும் அவசரமாகக் காட்டுங்கள்.

நான் தங்கச் சொன்னதும், தடம் வெட்டச் சொன்னதும் நோய்க்குக் காரணம் என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. அதே கரையில் அழகர்சாமி அண்ணன் முப்பது வருடமாகச் செடி வெட்டுகிறார், அவருக்கு ஒன்றும் வந்ததில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். சில நாள் கேட்கிறது, சில நாள் கேட்பதில்லை.

நாட்களை எண்ணும் விதம் எனக்கு மாறிவிட்டது. எங்கே போய் வந்தாலும், ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாலும்கூட, உள்ளுக்குள் பன்னிரண்டு நாள் எண்ணுகிறேன். பன்னிரண்டு முடிந்த பிறகுதான் அந்தப் பயணம் முடிகிறது. யாழினிக்கும் இது தெரியும். பள்ளிச் சுற்றுலா போய் வந்தவள், பதின்மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு முடிஞ்சிருச்சு" என்றாள்.

இன்று காலை அவர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அதற்குள் கிட்டே போய் அவர் பிடரியில் புறங்கையை வைத்தேன்.

அவர் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "காய்ச்சல் இல்ல, பரமு" என்றார். ஆனாலும் நான் கையை எடுக்கும்வரை அசையாமல் நின்றார்.